ஹாலிவுட் பாவாவும் என் காவடியும்

முருகனுக்கு மாலை போட்டது என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தவறு. திருத்தணியில் குடியிருந்துகொண்டு இப்படி எழுதினால் அடிக்க வருவார்கள், தெரியும். பக்தியால் போட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் பொறாமையால் போட்டேன்.

அந்தப் பொறாமையும் ஊரில் உள்ள ஒருவன் மேல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினான் என்று வயிறு எரிந்திருந்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. எனக்கு எரிந்தது ஓர் அமெரிக்க நடிகனைப் பார்த்து. நான் பிறப்பதற்கு முன்பே ஆடிப் பாடிப் பேர் வாங்கி, எப்போதோ செத்தும் போனவன். அவன் பெயரை இங்கே எழுத மாட்டேன். (எழுதினால் நீங்களும் தேடிப் பார்ப்பீர்கள். உங்கள் வீட்டம்மாவும் பார்ப்பார்கள். அப்புறம் உங்கள் பாடு.)

என் மனைவி ராஜேஸ்வரி பள்ளிப்பட்டுக்காரி. என் தாய்மாமன் மகள். தறி ஓடும் வீட்டில், தமிழும் தெலுங்கும் கலந்து பேசி வளர்ந்தவள். அப்பாவை நைனா என்பாள், அத்தான் முறையான என்னைப் பாவா என்பாள். கல்யாணமான புதிதில் அவள் பாவா என்று கூப்பிட்டால் எனக்குக் காது மடல் சூடாகும். மகள் சுமதி பிறந்ததும் அது 'ஏங்க' ஆயிற்று. நான் தலைமை ஆசிரியரானதும் 'சார்' ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் இருநூறு பேர் கூப்பிட்டது போதாதென்று வீட்டிலும் சார். நான் அதைப் பெருமையாக நினைத்தேன் என்பதிலிருந்தே என் புத்தியின் ஆழத்தை நீங்கள் அளந்துகொள்ளலாம்.

ராஜிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. வருஷக் கடைசியில் மலையில் படித் திருவிழா நடக்கும். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டே மேலே போவார்கள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவள் அதை விட்டதில்லை. கால் போன பிறகு, பின்பக்கத்துச் சாலையில் ஆட்டோவில் ஏறிப் போய்ச் சாமியைக் கும்பிட்டுவிட்டு, படியைப் பார்க்காமல் திரும்பி வருவாள். மறுபடி படியேற வேண்டும் என்ற ஒரே ஆசைக்காகத்தான் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கே ஒப்புக்கொண்டாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். முதல் சில வாரங்களில் காலை மடக்கி மடக்கிப் பழக்க வேண்டும், விட்டால் மூட்டு இறுகிவிடும். அதற்காகத் திவ்யா என்ற பிசியோதெரபிப் பெண் ஸ்கூட்டரில் வந்து போனாள். புனேயிலிருந்து வந்திருந்த சுமதி, அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று பெரிய டிவி ஒன்றை மாட்டி, அதில் பழைய ஹாலிவுட் படம் ஒன்றைப் போட்டுக் காட்டிவிட்டு ஊருக்குப் போனாள்.

அவன் அப்படித்தான் என் வீட்டுக்குள் வந்தான்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. அவன் ஒரு பெரிய ஹோட்டலில் பெட்டி தூக்குகிறவன். நாடகத்தில் பாடும் பெண் ஒருத்தி அங்கே தங்க வருகிறாள். அவனைத்தான் ஹோட்டல் முதலாளி என்று நினைத்துக்கொள்கிறாள். அவனும் அப்படியே நடிக்கிறான், மாட்டிக்கொள்கிறான், பாடுகிறான், ஆடுகிறான், கடைசியில் அவளையே கட்டிக்கொள்கிறான். படத்தின் உயிர் ஒரே காட்சி. அவளுடைய பெட்டிகளை ஒரு கம்பின் இரு முனையிலும் மாட்டித் தோளில் வைத்துக்கொண்டு, ஹோட்டலின் அகலமான மாடிப்படியில் ஆடிக்கொண்டே ஏறுவான். இரண்டு படி மேலே, ஒரு படி கீழே, குதிகாலால் ஒரு தட்டு. மறுபடி இரண்டு மேலே. ஏறும்போது நம்மைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பான். உலகத்தில் கஷ்டம் என்று ஒன்று இருப்பதாக யாருமே அவனுக்குச் சொல்லவில்லை போலிருக்கும்.

"இங்க பாருங்களேன், நம்ம ஊரு காவடி மாதிரியே தூக்கிகினு ஏறுறாரு" என்றாள் ராஜி. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒரு சிரிப்பைக்கூட அவள் தவற விடவில்லை. எம்.எஸ்ஸி. படித்த நான் பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தை மொழிபெயர்த்தேன். நாலு வரி கேட்டாள்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க சார். நீங்க சொல்ற வரைக்கும் புரிஞ்சுகினுதான் இருந்துச்சு."

அந்தப் படத்தை அவள் தினமும் பார்க்க ஆரம்பித்தாள். பார்த்த அதே படம், சிரித்த அதே இடம், ஆனால் சிரிப்பு மட்டும் நேற்றையதைவிட இன்று பெரிது. நான் அவளைக் கடைசியாக அப்படிச் சிரிக்க வைத்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஒருமுறை தென்னை மரத்தடியில் வழுக்கி விழுந்தேன். அதுதான் நினைவுக்கு வந்தது.

ஒருநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே காய்கறிப் பையோடு உள்ளே நுழைகிறேன். போனில் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "இருடி, அப்புறம் பேசறேன். பாவா வர்ற நேரம்."

எனக்கு ஒரு கணம் காது மடல் சூடாயிற்று. அவள் போனை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் டிவியைப் போட்டாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது எரிச்சல். ஓட்டை கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். ஹோட்டலில் வேலை செய்கிறவனுக்குப் பாட்டு வரும்போதெல்லாம் வாத்திய கோஷ்டி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அவன் பல் கட்டுப்பல்லாக இருக்கும் என்றேன். இந்த மாதிரி ஆட்கள் வீட்டில் பெண்டாட்டியை அழ வைத்திருப்பார்கள் என்றேன். ராஜி ஒலியைக் கூட்டினாள். கடைசியில் (இதை எழுதக் கை கூசுகிறது) இருக்கிற கொஞ்ச முடிக்கு எண்ணெய் தடவி, அவனைப் போலவே பக்க வகிடு எடுத்து, அவள் எதிரில் போய் நின்றேன்.

"பென்ஷன் ஆபீசுக்கா போறீங்க?" என்றாள்.

ஒருவேளை அவன் முகத்தில் என் வாலிப முகம் அவளுக்குத் தெரிகிறதோ என்று ஓர் ஆசை இருந்தது. மெதுவாகக் கேட்டும் பார்த்தேன். அவள் படத்தை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "சேச்சே" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு மறுபடி ஓட விட்டாள்.

அந்த வாரம் கடைத்தெருவில் முனிரத்தினம் குருசாமியைப் பார்த்தேன். ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் வைத்திருப்பவர். வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு ஒரு கூட்டத்தை மாலை போட வைத்துக் காவடியோடு அழைத்து வருவார். பேச்சுவாக்கில் அவர் சொன்ன ஒரு வாக்கியம் என் தலையில் விளக்கேற்றியது. "மாலை போட்ட வூட்ல கறி, மீனு, சினிமா எதுவும் கூடாது சார்."

சினிமா கூடாது.

வயசு காலத்தில் எனக்கு எதற்கு மாலை என்று இத்தனை வருஷம் ஒதுங்கி நின்றவன், மறுநாளே சரவணப் பொய்கையில் முழுகி எழுந்து, மஞ்சள் வேட்டி கட்டி, கழுத்தில் துளசிமணி மாலையோடு வீட்டுக்கு வந்தேன். ராஜி திகைத்துப் போனாள். எதற்கு என்று கேட்டாள். அங்கேதான் என் தவறு பாவமாக மாறியது.

"உன் காலுக்காகத்தான்" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், நான் சொல்லாமலே டிவியை அணைத்து, துவைத்த துண்டு ஒன்றை அதன் மேல் போர்த்தினாள். என் எதிரி மூச்சுத் திணறி அடங்கியதை நான் கண்ணாரப் பார்த்தேன். உள்ளுக்குள் அரோகரா போட்டேன்.

மறுநாளே வெற்றியின் ருசி தெரிந்துவிட்டது. விடியலில் பச்சைத் தண்ணீர்க் குளியல். ஒரு வேளைச் சாப்பாடு. வெறுந்தரையில் பாய். வெயில் காயும் தார் ரோட்டில் செருப்பில்லாத நடை. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மாலை போட்டவரைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிடக் கூடாதே, ராஜி என்னைச் 'சாமி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். பாவாவிலிருந்து ஏங்க, ஏங்கவிலிருந்து சார், சாரிலிருந்து சாமி. இனி இறங்க எனக்குப் படியே இல்லை. போதாததற்கு, பெண்டாட்டி காலுக்காக மாலை போட்ட உத்தமர் என்று தெருவே கையெடுத்துக் கும்பிட்டது. கும்பிட்ட ஒவ்வொரு கையும் எனக்குக் கன்னத்தில் அறை மாதிரி விழுந்தது.

ஒருநாள் காலையில் திவ்யா என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள். முகம் சரியில்லை.

"சாமி, அம்மாவுக்குக் கால் இறுகிகினே வருது. போன மாசம் எவ்ளோ நல்லா மடக்கினாங்க. இப்படியே போனா, மயக்க மருந்து குடுத்து டாக்டரு வலுக்கட்டாயமா மடக்கற மாதிரி ஆயிடும்."

பயிற்சி செய்கிறாளே என்றேன்.

"எங்க செய்யறாங்க? அந்தப் படத்துல ஒருத்தரு பெட்டி தூக்கிகினு படியேறுவாரு இல்ல, அந்தப் பாட்டுக்குத்தான் மரப்படி போட்டு ஏறி இறங்குவாங்க. ரெண்டு மேல, ஒண்ணு கீழ. வலியே தெரியலம்பாங்க. எல்லாரையும் நான் கெஞ்சணும், அம்மாவை மட்டும் போதும்மான்னு நிறுத்தணும். இப்ப வெறுமனே பண்ணுங்கன்னா வலி தாங்கல, அழறாங்க."

நான் இதை ஏன் பார்த்ததே இல்லை என்று கேட்டேன்.

"நீங்க லைப்ரரிக்குப் பேப்பர் படிக்கக் கிளம்புனதும்தான் ஆரம்பிப்பாங்க. சாரு முன்னாடி ஆடுனா மார்க்கு போடுவாருன்னு சொல்லிச் சிரிப்பாங்க."

பாவா வர்ற நேரம்! அது பயிற்சி நேரம். என் மனைவி ஒரு பிணத்தோடு சல்லாபம் செய்வதாக நினைத்து நான் அவளுடைய மருந்தைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன்.

உள்ளே போய், படம் பார்க்கலாம், பரவாயில்லை, சாமி ஒன்றும் சொல்ல மாட்டார் என்று இழுத்தேன். ராஜி உறுதியாகத் தலையாட்டினாள். "என் காலுக்காக நீங்க இந்த வயசுல வெறுந்தரையில படுத்துகினு கிடக்கறீங்க. நான் படம் பார்த்துக் கெடுக்கறதா? காலு போனா போவுது சாமி."

குருசாமிக்குப் போன் போட்டு மாலையைக் கழற்றலாமா என்று கேட்டேன். காவடி செலுத்தாமல் கழற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எனக்கு இதிலெல்லாம் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் அவளுக்கு உண்டு, பணயத்தில் இருப்பது அவள் காலாயிற்றே.

அன்று சாயங்காலம் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். பரீட்சைத் தாளைத் திருத்துகிற மாதிரி ஒன்று விடாமல் சொன்னேன். பொறாமை, வகிடு, குருசாமியின் வாக்கியம், துண்டு போர்த்தியபோது நான் சந்தோஷப்பட்டது வரைக்கும். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"செத்துப்போன ஆளு மேலயா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆங்" என்றேன்.

டிவி மேல் கிடந்த துண்டைப் பார்த்துவிட்டு, "பொய்யா போட்டாலும் மாலை மாலைதான். டிவி கெடையாது. நீங்க ஆடுங்க" என்றாள்.

நான் விளையாட்டென்று நினைத்தேன். அவள் பரணைக் காட்டினாள். அங்கே எங்கள் கல்யாணத்து டிரங்குப் பெட்டி இருந்தது.

அன்றிலிருந்து காலையும் மாலையும் என் வீட்டு ஹாலில் நடந்ததை எந்த நாட்டுச் சினிமாவும் எடுக்காது. ஒட்டடைக் கம்பின் ஒரு முனையில் காய்கறிக் கூடை, மறு முனையில் என் பழைய ரெக்சின் பை. (டிரங்குப் பெட்டியை முதல் நாளே தூக்கிப் பார்த்துவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டேன்.) கழுத்தில் துளசி மாலை, இடுப்பில் மஞ்சள் வேட்டி, வாயில் அவனுடைய பாட்டு. வார்த்தை தப்பாமல் எனக்கு அது மனப்பாடமாகி இருந்தது, வெறுப்பால். மரப்படிக்கு எதிரில் நின்று இரண்டு மேலே, ஒன்று கீழே என்று நான் தட்ட, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கினாள். ஊரெல்லாம் ஹீரோவுக்குத்தான் டூப் போடுவார்கள். நான் என் எதிரிக்கு டூப் போட்டேன். கால் மெல்ல மெல்ல இளகியது. ஆனால் சிரிப்பு மட்டும் வரவில்லை. "அவரு குதிகாலு கீழ படாது" என்று திருத்தம்தான் வந்தது.

ஆடிக் கிருத்திகை வந்தது. மலையடிவாரம் முழுக்க மஞ்சள். படி தொடங்கும் இடத்தில் பூக்கடைக்கார அம்மா ஒருவர் ராஜிக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார். காவடியைத் தூக்கித் தோளில் வைப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. அவள் திருநீறு பூசி, பூக்காவடியைப் பிடித்து என் தோளில் வைத்தாள். வைத்துவிட்டுக் காதருகில் சொன்னாள்:

"அவரு ஏறுற மாதிரி ஏறுங்க. எதுக்கு மாலை போட்டீங்கன்னு முருகனுக்கும் தெரியட்டும்."

"இங்கயா? ராஜி, ஊரே இருக்குது."

"ஊரு முன்னாடிதான உத்தமரா திரிஞ்சீங்க?"

தீர்ப்பு சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பம்பை முழங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு படி மேலே வைத்தேன். குதிகாலைத் தட்டினேன். ஒரு படி கீழே வைத்தேன்.

படியில் வைக்கவில்லை. பின்னால் வந்த குருசாமியின் பாதத்தில் வைத்தேன். அவர் அலறிக்கொண்டு என் காவடியின் பின்முனையைப் பிடித்தார். பூச்சரம் அறுந்தது. காவடி என்னை ஒரு சுற்றுச் சுற்றியது. விழாமல் இருக்க நான் இரண்டு மேலே, ஒன்று கீழே, தட்டு, திரும்பு என்று தெரிந்ததையெல்லாம் போட்டேன். பம்பைக்காரர் என்ன நினைத்தாரோ, தாளத்தை இரட்டிப்பாக்கினார்.

"சாமி வந்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். அரோகரா வானத்தைத் தொட்டது. என் முகத்தருகே கற்பூரத் தட்டு நீண்டது. நான் சூட்டுக்குப் பயந்து பின்னால் குதித்ததையும் அருள் என்றே எடுத்துக்கொண்டார்கள். கனகம்மாசத்திரத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் என் காலைப் பிடித்துக்கொண்டு, "சாமி, என் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆவும்?" என்று கேட்டாள். சுற்றிலும் நூறு முகங்கள் வாக்குக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். "தை பிறந்தால்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ராஜியைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்குச் சாமி வரலம்மா. பொறாமை வந்துச்சு. ஒரு சினிமாக்காரன் மேல."

அம்மாள் காலை விடவில்லை. "எது வந்தா என்ன சாமி, நல்ல வாக்கா ஒண்ணு சொல்லு."

அப்போது கேட்டது அந்தச் சிரிப்பு. பம்பையையும் அரோகராவையும் தாண்டிக் கேட்டது. ராஜி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, ஆபரேஷன் செய்த காலை நீட்டி, நாற்காலி ஆட ஆடச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் எத்தனையோ தடவை வாங்கிய சிரிப்பு. நான் ஒரே தடவையில் வாங்கினேன். (குருசாமியின் கால் நகம் போனது தனிக்கதை. அவர் இன்னும் என் போனை எடுப்பதில்லை.)

யாரோ ஒரு பிள்ளை எடுத்த வீடியோ சாயங்காலத்துக்குள் பள்ளிப்பட்டு போய், ராத்திரிக்குள் புனே போய்விட்டது.

மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும், டிவி மேலிருந்த துண்டை நானே எடுத்தேன். அவனை முதல் முறையாக முழுசாகப் பார்த்தேன். நன்றாகத்தான் ஆடுகிறான். குதிகால் கீழே படவே இல்லை. அதைப் பார்க்கும்போது ஆத்திரமாக வந்தது.

அந்த வருஷப் படித் திருவிழாவுக்கு ராஜி கிளம்பினாள். ஒரு கையில் மஞ்சள் குங்குமப் பெட்டி, இன்னொரு கை கைப்பிடியில். பாட்டு வேண்டுமே என்று போனையும் இடுப்பில் செருகியிருந்தாள். பாதி மலையில் கால் மடங்க மறுத்து நின்றுவிட்டாள். மேலே போக முடியவில்லை. நான் பறித்த வாரங்களின் கணக்கு அது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மிச்சப் படிகளைக் கூட வந்த திவ்யாவிடம் விடலாம் என்று தீர்மானித்து, பெட்டியை நீட்டினாள்.

"பாவா, இத புடி, அந்தப் பொண்ணுகிட்ட குடு" என்றாள்.

யாரைக் கூப்பிடுகிறாள் என்று அவள் இடுப்பைப் பார்த்தேன். போன் அணைந்திருந்தது.

மறு வருஷம் உச்சி வரைக்கும் ஏறிவிட்டாள். ஆனால் கெட்டுப்போன என் பெயர் மட்டும் ஏறவில்லை. போன கார்த்திகையில் எங்கள் மருமகன் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு, பயபக்தியோடு ஆசீர்வாதம் வாங்க வீட்டுக்கு வந்தார். நான் திருநீறு எடுக்கக் கையை நீட்டுவதற்குள் உள்ளேயிருந்து ராஜியின் குரல் வந்தது:

"ஏம்பா, நீ எந்தப் படத்த நிறுத்தறதுக்கு?"